இடுக்கணுக்குப் பின் விடிவு: இருண்ட விளையாட்டுகளின் இன்பமுடிவு குறித்து

கதை இன்பமாக முடிதல் வேண்டுமா, துன்பமாக முடிதல் வேண்டுமா என்னும் வினா மிகப் பழையது. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலில், நல்லோர் நன்மையும் தீயோர் தீமையும் எய்துவதாக முடியும் கதையை இரண்டாம் தரத்ததாகவே மதிப்பிட்டார். அவையோரின் மனத்தளர்ச்சிக்கு இரங்கிக் கவிஞர் காட்டும் சலுகையே அத்தகைய முடிவு என்பது அவர் துணிபு. அந்நூலை ஹிஜ்ரி 328இல் மறைந்த அபூ பிஷ்ர் மத்தா சுரியானி மொழிவழியாக அரபியாக்கினார். ஹிஜ்ரி 595இல் மறைந்த இப்னு ருஷ்து அதற்கு உரை வகுத்தபோது, மத்தாவின் வழிநின்று, துன்பியல் நாடகத்தை 'மதீஹ்' என்னும் புகழ்க்கவியாகவும், இன்பியல் நாடகத்தை 'ஹிஜா' என்னும் வசைக்கவியாகவும் கொண்டு பொருள் கூறினார். நாடக மேடையைக் கண்டிராத ஒரு மொழிச்சூழலில் இது வியப்பன்று. எனினும் இதன் விளைவாக, கதைமுடிவு பற்றிய விவாதம் நம் பலாகா நூல்களுக்குள் நுழையவே இல்லை. அரபி மாணவர்க்கு உவமையும் உருவகமும் கற்பிக்கிறோம். ஒரு கதை எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கற்பிப்பதில்லை.

இவ்வினாவை இன்று நம் பிள்ளைகளிடையே எழுப்பியிருப்பது நூலன்று, கணினி விளையாட்டு. முதியோர் பலர் விளையாட்டு என்றவுடன் துப்பாக்கியையும் காரோட்டப் பந்தயத்தையும் மட்டுமே எண்ணுகின்றனர். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வேறொரு வகை வேரூன்றிவிட்டது. போர், கொள்ளைநோய், கடத்தல், கொலை என இருள் சூழ்ந்த ஒரு கதைக்குள் ஆடுபவன் இறக்கிவிடப்படுகிறான். கதை ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென நின்று, 'இவரைக் காப்பாயா, அவரைக் காப்பாயா' என்று வினவும். ஆடுபவன் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். தெரிவுக்கேற்பக் கதை கிளைக்கும், முடிவும் பல. அவற்றுள் ஒன்று இன்பமுடிவாக இருப்பின், அது அந்தக் கதையின் இருளுக்குப் பொருந்துமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள். இத்தகைய விளையாட்டுகள் கூடுமா, கூடாதா என்னும் ஃபத்வாவை நாம் எழுத முற்படவில்லை, அதற்குரியோர் வேறு. பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கின்றனர், ஆடிவிட்டு வந்து நம்மிடம் கேள்வி கேட்கின்றனர் என்பதே இக்கட்டுரைக்குப் போதிய காரணமாகும்.

நாம் இவ்விளையாட்டுகளுள் சிலவற்றைக் கண்டது பழவேற்காட்டில். ஏரியோரக் குப்பம் ஒன்றிலிருந்து நம் மதரஸாவுக்கு ஓத வந்த மாணவர் ஒருவர், விடுமுறை நாள்களில் தம் மடிக்கணினியில் ஆட, அருகமர்ந்து பார்த்தோம். புரியாத இடங்களில் நிறுத்தச் சொல்லிக் கேட்டுத் தெளிந்தோம். வாசகர் பலர் பழவேற்காட்டை அறிந்திருப்பர். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அரபு வணிகரின் வழிவந்தோர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பழங்குடும்பங்கள். சூரியக் கடிகாரம் உள்ள பள்ளிவாசல். 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியா கோட்டையின் சிதைவு. எலும்புக்கூடுகளைச் செதுக்கி வாயிலில் நிறுத்திய டச்சுக் கல்லறைத் தோட்டம். மலாய் நாட்டவர் இன்றும் கட்டமிட்ட கைலியைப் 'பெலிகாட்' என்றழைப்பது இவ்வூரின் பெயரால்தான். இருளும் முடிவும் பற்றிப் பேசப் பொருத்தமான ஊரே.

முதலில் நம் முன்னோரிடம் வருவோம். பலாகா நூல்கள் விட்ட இடத்தை வேறு நூல்கள் நிரப்பின. ஹிஜ்ரி 384இல் (கி.பி. 994) மறைந்த காழி அபூ அலீ அத்தனூகி, 'அல்ஃபரஜ் பஃதஷ் ஷித்தா' என்றொரு பெருந்தொகை செய்தார். 'இடுக்கணுக்குப் பின் விடிவு' என்பது அதன் பொருள். அவருக்கு முன்னரே அல்மதாஇனீ, இப்னு அபித்துன்யா முதலியோர் அதே பொருளில் தொகுத்திருந்தனர். தனூகி அவற்றை விரித்துப் பதினான்கு இயல்களாக வகுத்தார். சிறைப்பட்டோர், கொலைத் தண்டனைக்கு இழுத்துச் செல்லப்பட்டோர், கொள்ளையரிடம் சிக்கியோர், விலங்கின் வாயில் அகப்பட்டோர், நோயால் நலிந்தோர் என இயல்தோறும் ஒரு வகைத் துன்பம். அவரே பதவி பறிக்கப்பட்டு, அரச சினத்துக்கு ஆளாகி, ஒடுங்கி வாழ்ந்தவர். எல்லாக் கதைகளும் நல்லவிதமாக முடியும் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. இருந்தும் படிப்போர் சலிப்பதில்லை. ஏன்?

இரு காரணங்களை நாம் காண்கிறோம். ஒன்று, இஸ்னாத். கதைக்கு முன்னர் இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்னும் தொடர் நிற்கிறது. இன்பமுடிவு ஆசிரியரின் இரக்கத்தால் வந்ததன்று, நிகழ்ந்ததாக ஒருவர் பொறுப்பேற்றுக் கூறியது. மற்றொன்று நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அத்தொகையின் பெரும்பாலான கதைகளில், துன்பப்பட்டவன் தன் கைவசமிருந்த உபாயங்கள் அனைத்தையும் செலவழித்துவிட்ட பிறகே விடிவு வருகிறது. தெரிவு தீர்ந்த இடத்தில் ஃபரஜ் தொடங்குகிறது. அதனால் அது கொடையாகத் தோன்றுகிறது, கூலியாகத் தோன்றுவதில்லை.

தெரிவு விளையாட்டின் இன்பமுடிவு இதற்கு நேர்மாறானது. அங்கே நல்முடிவு ஒரு கூலி. முதல் அத்தியாயத்தில் இதைச் சொல், மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கதவைத் திற, ஐந்தாவதில் இவனை மன்னித்துவிடு. செய்தால் எல்லாரும் பிழைப்பர். செய்யத் தவறினால் முன்பு 'சேவ்' செய்த இடத்துக்குத் திரும்பி மறுபடி ஆடலாம். அதற்கும் பொறுமை இல்லாதார்க்கு வழிகாட்டிக் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. 2018இல் பாரிஸ் நகர நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' என்னும் விளையாட்டில், ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்தவுடன் கிளைப்படம் ஒன்று திரையில் விரிகிறது. நீ சென்ற பாதை இது, செல்லாத பாதைகள் இவை, உலகில் இத்தனை விழுக்காட்டினர் இப்பாதையில் சென்றனர் என்று அது கணக்குக் காட்டுகிறது. துயரம் ஒன்றைக் கண்டு மனம் கலங்கி நிற்கும் வேளையில் கணக்குப்பிள்ளை பேரேட்டைத் தூக்கிவந்து முன்னே வைத்தாற்போல் இருந்தது நமக்கு. அதன்பின் வரும் இன்பமுடிவு எவ்வளவு உருக்கமாயினும், அது வழக்கில் வென்று பெற்ற தீர்ப்பே ஆகும்.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். குர்ஆன் தானே அதனை அழகிய வரலாறு என்று சிறப்பித்தமைக்கு முஃபஸ்ஸிர்கள் பல காரணங்கள் காட்டுவர். அதில் வரும் அனைவரின் இறுதியும் நற்பேறாகவே அமைந்தது என்பதும் அவற்றுள் ஒன்றாகக் குர்துபி முதலியோரால் எடுத்துக் கூறப்படுகிறது. ஆகவே இன்பமுடிவு தாழ்ந்த சுவைக்குரியது என்னும் அரிஸ்டாட்டிலின் தீர்ப்பு நமக்கு உடன்பாடன்று. ஆனால் அவ்வரலாறு தெரிவை எவ்வாறு நடத்துகிறது என்று பாருங்கள். யூஸுஃப் (அலை) தம் வாழ்வின் மிகச் சரியான தெரிவைச் செய்கிறார். பாவத்தைவிடச் சிறையே விருப்பமானது என்கிறார். அதன் விளைவு என்ன? சிறைதான். விடுதலையாகிச் செல்லும் தோழனிடம் தம்மைப் பற்றி அரசனிடம் நினைவூட்டச் சொல்கிறார். அவன் மறந்துபோகிறான், மேலும் சில ஆண்டுகள் கழிகின்றன. சரியான பொத்தானை அழுத்தியவுடன் கதவு திறக்கும் உலகம் அன்று அது.

முடிவிலும் அவ்வாறே. யஅகூப் (அலை) அவர்களுக்குப் பார்வை திரும்புகிறது. பிரிந்திருந்த ஆண்டுகள் திரும்புவதில்லை. சகோதரர்கள் மன்னிக்கப்படுகின்றனர், அவர்கள் செய்தது இன்னதென்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட பிறகே மன்னிக்கப்படுகின்றனர். அனைவரும் ஒன்றுகூடி, கனவு நனவாகி, அரியணையில் அமர்ந்த அந்த உச்சத்தில் யூஸுஃப் (அலை) கேட்கும் துஆ, முஸ்லிமாக மரணிக்கச் செய்து நல்லோருடன் சேர்ப்பாயாக என்பது. இன்பத்தின் நடுவிலேயே மரணம் நினைக்கப்படுகிறது. இருண்ட கதை ஒன்றுக்கு இன்பமுடிவு பொருந்துவதற்குரிய அளவுகோலை இதிலிருந்தே நாம் பெறுகிறோம்: முடிவு இன்பமாகலாம், கதையில் கொடுத்த விலையை அது அழித்துவிடலாகாது.

இந்த அளவுகோலால் அளந்தால், நாம் கண்ட விளையாட்டுகளில் ஒன்று நன்கு தேறுகிறது. 2014இல் போலந்து நாட்டினர் ஆக்கிய 'திஸ் வார் ஆஃப் மைன்' அது. சராயேவோ முற்றுகையை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது என்பதால் நம் வாசகருக்கு அதில் தனிப்பட்ட ஈடுபாடு எழக்கூடும். ஆடுபவன் போர்வீரன் அல்லன். முற்றுகையிடப்பட்ட நகரில் இடிந்த வீடொன்றில் ஒடுங்கியிருக்கும் சாதாரண மக்களை அவன் காக்க வேண்டும். பகலில் அடுப்பும் மருந்தும் தேட வேண்டும். இரவில் ஒருவரை வெளியே அனுப்பி உணவு திரட்ட வேண்டும். ஓரிடத்தில் முதிய தம்பதியர் வாழும் வீடு இருக்கிறது. அவர்களால் எதிர்க்க இயலாது. அவர்களின் உணவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டால் நம்மவர் பிழைப்பர். எடுத்து வந்தால் விளையாட்டு 'தோல்வி' என்று அறிவிப்பதில்லை. எடுத்து வந்தவன் மூலையில் உட்கார்ந்துவிடுகிறான், உண்ண மறுக்கிறான், உடனிருப்போரும் குன்றிப்போகின்றனர். பல வாரங்களுக்குப் பின் போர்நிறுத்தம் வருகிறது. அது ஆடுபவனின் திறமையால் வருவதன்று; வெளியிலிருந்து, அதற்குரிய காலத்தில் வருகிறது. அதன்பின் பிழைத்தோர் ஒவ்வொருவரும் என்னவாயினர் என்று சில வரிகளில் சொல்லப்படுகிறது. பிழைத்தல் உண்டு, கொடுத்த விலையும் அழியாமல் நிற்கிறது. தனூகி இதைக் கண்டிருந்தால் பதினைந்தாம் இயல் ஒன்று எழுதியிருப்பாரோ என்று நமக்குத் தோன்றியது. 2020இல் போலந்து அரசு இவ்விளையாட்டைப் பள்ளி மாணவரின் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. புதுமைக்காகச் செய்தது என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

2012இல் வந்த 'தி வாக்கிங் டெட்' வேறு வழியில் செல்கிறது. லீ என்பவன் பெற்றோரை இழந்த கிளமன்டைன் என்னும் சிறுமியைக் காத்து அழைத்துச் செல்கிறான். நான்காம் பகுதியின் இறுதியில் அவனுக்கு மரணக்கடி நேர்கிறது. ஆடுபவன் கையையே வெட்டினாலும் அவன் பிழைப்பதில்லை. எத்தெரிவும் அவன் முடிவை மாற்றாது. அச்சிறுமி அவனிடம் எதைக் கற்றுக்கொள்கிறாள் என்பதையே தெரிவுகள் மாற்றுகின்றன. தெரிவுகளுக்குப் பயனில்லை என்று குறைகூறியோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. அஜல் மாறாது, அமல் எஞ்சும் என்று நாம் காலமெல்லாம் மிம்பரில் சொல்லிவருவதை வேற்று நாட்டார் ஒருவர் சடலங்கள் எழுந்து நடக்கும் கதையில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அச்சடலங்கள் நம் சுவைக்கு ஒவ்வாதவை என்பது வேறு விஷயம்.

முடிவை மக்கள் கேட்டு மாற்றிய வரலாறும் உண்டு. 1681இல் நேஹம் டேட் என்பவர் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தை இன்பமுடிவாகத் திருத்தினார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில மேடை அத்திருத்தத்தையே ஆடியது. 2012இல் 'மாஸ் எஃபெக்ட் 3' முடிவைக் கண்டு ஆட்டக்காரர் கொதித்தெழ, நிறுவனம் அதே ஆண்டில் விரிவாக்கிய முடிவைக் கட்டணமின்றி வழங்கிற்று. நுகர்வோர் கேட்டார், வணிகர் கொடுத்தார். இதில் திறனாய்வுக்கு வேலை அதிகமில்லை.

இதற்கு மறுதலையான ஒரு போக்கையும் குறிப்பிட வேண்டும். இருளே முதிர்ச்சி, நம்பிக்கை குழந்தைத்தனம் எனக் கருதி, எதைத் தெரிவு செய்தாலும் அழிவே என்று முடிக்கும் ஆக்கங்கள் பெருகிவருகின்றன. நம்முடன் பணிபுரியும் மௌலவி ஒருவர், இறையருளில் நம்பிக்கை இழத்தல் பெரும்பாவமாயிருக்க, பிள்ளைகளுக்கு அவநம்பிக்கையைப் பயிற்றும் கதை எதற்கு என்று கேட்டார். அவர் கவலை நியாயமானது. ஆனால் நம்பிக்கை என்பது நல்முடிவு வந்தே தீரும் என்னும் முன்னறிவு அன்று. முன்னறிவு இருக்குமிடத்தில் நம்பிக்கைக்கு வேலை இல்லை. அழிவே உறுதி என்று முடிக்கும் விளையாட்டும், சரியாக ஆடினால் நலமே உறுதி என்று முடிக்கும் விளையாட்டும் முன்னறிவைத்தான் விற்கின்றன.

இனி 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்'. பிரெஞ்சு நாட்டினர் ஆக்கிய இது, 2015இல் ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. கதை நடக்குமிடம் அமெரிக்க மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊர். மேக்ஸ் என்னும் மாணவிக்குக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஆற்றல் வாய்க்கிறது. அதைக்கொண்டு தோழி குளோயியைச் சாவிலிருந்து மீட்கிறாள். தொடக்கத்திலேயே பெரும்புயல் ஒன்று ஊரை அழிப்பதாக அவளுக்குக் காட்சி தெரிகிறது. இறுதியில் இரண்டே தெரிவுகள்: தோழியைச் சாகவிட்டு ஊரைக் காத்தல், அல்லது ஊரைப் பலியிட்டுத் தோழியைக் காத்தல். முழு இன்பமுடிவு என்று மூன்றாவது ஒன்றில்லை.

நம் மாணவர் இதை ஆடி முடித்தபோது, பக்கத்து வீட்டுப் படகோட்டி ஒருவரும் வலையைப் பழுதுபார்த்தபடி திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையை அக்கரையில் நின்று கண்டவர் அவர். மாணவர் எதைத் தெரிவு செய்வதென்று தயங்க, அவர் கேட்டார்:

"ஏம்ப்பா, புயல் வர்ற நாளு அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே தெரியும்ல? ஊருக்குச் சொல்லலையா?"

"அதுக்கு ஆட்டத்துல வழி இல்லண்ணே. ரெண்டுல ஒண்ணுதான்."

"அப்ப அது ஆட்டம் பண்ண தப்பு. பொண்ணு மேல ஏன் போடுறாங்க?" என்றவர் நம் பக்கம் திரும்பி, "கூண்டு ஏத்திட்டா நாங்க படகை மேல இழுத்துடுவோம் பாய். முதல்ல ஊருதான்" என்றார்.

இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லத்தக்கவற்றுள் இதைவிடக் கூர்மையான ஒன்றை நாம் கேட்டதில்லை. தெரிவு விளையாட்டின் அறம், அது தரும் தெரிவுகளில் மட்டுமன்று, தராமல் மறைத்த தெரிவுகளிலும் இருக்கிறது. ஊரைக் கூட்டி எச்சரிப்பது மீனவக் குப்பத்தில் எவருக்கும் முதலில் தோன்றும் செயல். ஒரு நட்பின் துயரத்தை உச்சத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டி, ஆக்கியோர் அதை அடைத்துவிட்டனர். இன்பமுடிவை மறுத்ததற்காக நாம் அவர்களைக் குறைகூறவில்லை. ஊரை வெறும் பின்னணித் திரையாக்கிவிட்டு, பிறகு அதையே தராசின் ஒரு தட்டில் வைத்ததற்காகக் குறைகூறுகிறோம்.

எனினும் அதே விளையாட்டின் நடுவில் ஓரிடம் உண்டு. அது மெய்யாகவே ஆழமானது. மேக்ஸ் பல ஆண்டுகள் பின்சென்று, கார் விபத்தில் இறக்கவிருந்த குளோயியின் தந்தையைக் காப்பாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து பார்த்தால் தந்தை உயிரோடிருக்கிறார். குளோயி வேறொரு விபத்தில் சிக்கி உடல் செயலிழந்து படுக்கையில் கிடக்கிறாள். நல்லது செய்தேன் என்று எண்ணியவள் வாயடைத்து நிற்கிறாள். இதைக் கண்டவுடன் எந்த மதரஸா மாணவனுக்கும் நினைவில் எழுவது கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் கிள்ரு (அலை) அவர்களும் சென்ற பயணமே. கடலில் பாடுபட்டுப் பிழைக்கும் ஏழைகளின் மரக்கலத்தில் அவர் ஓட்டையிடுகிறார். பார்க்கும் கண்ணுக்கு அது கொடுமை. முன்னே ஓர் அரசன் நல்ல கலங்களையெல்லாம் பறித்துக்கொண்டிருந்தான், பழுதான கலம் தப்பியது என்பது பின்னரே விளங்குகிறது. அந்த ஏழைகளின் கதை எப்படி முடிந்தது? கலம் தப்பியது; ஓட்டையும் இருக்கிறது, அதை அவர்களே அடைக்க வேண்டும். கிள்ரின் அறிவை ஆடுபவன் கையில் கொடுத்துவிடுவதே காலம் திருப்பும் விளையாட்டுகளின் அடிப்படைப் பிழை. மூஸா நபிக்கே வாய்க்காத ஓர் அறிவைப் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, சரியான முடிவைத் தேடு என்கின்றன. அந்தப் படுக்கைக் காட்சியில் மட்டும் விளையாட்டு அதை உணர்ந்து, கொடுத்த அறிவைத் திரும்பப் பறித்துக்கொள்கிறது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. காணாமற்போன சிறுமியரைக் குறிக்கும் கரிய நிழலுருவங்களைப் பொதுவிடங்களில் வரைந்துவந்த கொல்கத்தா ஓவியர் லீனா கேஜ்ரிவால், 2016இல் 'மிஸ்ஸிங்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். கடத்தி விற்கப்பட்ட சிறுமியாக ஆடுபவன் மாறி, தப்பும் வழியைத் தெரிவுகளால் தேட வேண்டும். இங்கே நம் அளவுகோல் சற்றுத் தடுமாறுகிறது. விழிப்புணர்வுக்காகச் செய்யப்பட்டது என்பதால், தப்புதல் இயலும் என்று காட்டவும் வேண்டும். எளிது என்று காட்டவும் கூடாது. சிறுமி ஒருத்தி சரியாகத் தெரிவு செய்தால் தப்பலாம் என்றால், தப்பாதவள் தவறாகத் தெரிவு செய்தவள் என்று பொருள்படாதா? விற்கப்பட்டவளின் தலையில் பழியைச் சுமத்தும் பொருள் அது. ஆக்கியோர் நினையாததாயினும், தெரிவு என்னும் வடிவமே அதைச் சுமந்துவருகிறது. கூலியாகத் தரப்படும் இன்பமுடிவு இவ்விடத்தில் சுவைக்குறை மட்டுமன்று, அநீதியும் ஆகிவிடுகிறது.

இது நமக்கு ஏட்டுச் சிக்கலாக இருந்திருக்கும், நம் மாணவர் ஒரு கதைத்திட்டத்தை நம் முன் வைத்திராவிட்டால். பழவேற்காட்டைக் களமாகக் கொண்டு ஒரு தெரிவு விளையாட்டு ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை; கணினி பயிலும் நண்பர் இருவர் துணை. காலம், பதினேழாம் நூற்றாண்டு. டச்சுக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் அன்று பழவேற்காடு; 1690இல்தான் அது நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. துணி ஏற்றுமதியைப் பெருமையாகப் பேசும் நாம், அதே துறையிலிருந்து மனிதர் ஏற்றப்பட்டதைப் பேசுவதில்லை. பஞ்சம் வந்த ஆண்டுகளில் பெற்றோர் பிள்ளைகளையும், சிலர் தம்மையுமே விற்றனர். வாங்கியோர் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினர். மாணவரின் கதையில் ஒரு மீனவச் சிறுமி அவ்வாறு விற்கப்படுகிறாள். ஆடுபவன் சரியாகத் தெரிவு செய்தால், பத்தாண்டுகளுக்குப் பின் அவள் கப்பலேறி ஊர் திரும்பித் தாயைக் காண்கிறாள். தவறினால் அங்கேயே இறக்கிறாள்.

திரும்பி வரும் முடிவை நாம் ஏற்கவில்லை. இன்பமானது என்பதற்காக அன்று. இஸ்னாத் இல்லாதது என்பதற்காக. திரும்பாத பல்லாயிரவரின் முன்னே, திரும்பிய ஒருத்தியை நாம் கற்பித்து நிறுத்தினால், ஆடி முடித்தவன் ஆறுதலோடு மடிக்கணினியை மூடுவான். அந்த ஆறுதலுக்கு அவனுக்கு உரிமையில்லை. மாணவர் விடவில்லை. "அப்படின்னா எல்லாரும் செத்துப்போயிட்டாங்கன்னு முடிக்கச் சொல்றீங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவ்வாறு முடிப்பதும் உண்மையன்று என்றோம்; ஏனெனில் நிகழ்ந்தது வேறு.

டச்சுக்காரர் கிழக்கிலிருந்து கொண்டுசென்ற அடிமைகளுள் ஒரு பகுதியினர் தென்னாப்பிரிக்காவின் கேப் நகரில் இறக்கப்பட்டனர். அங்கே 1794ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறும் அவ்வல் பள்ளிவாசல், அந்நாட்டின் முதற்பள்ளிவாசல். அதன் மனை, இலங்கையின் கோரிடான் என்று ஏடுகளில் குறிக்கப்படும் விடுதலை பெற்ற அடிமையின் சொத்தாக இருந்தது. அவர் மனைவியின் பெயர் திரைன் வான் டி கஸ்ட்; 'கரையைச் சேர்ந்த திரைன்' என்பது பொருள். டச்சுக் கம்பெனியார் கரை என்று சொன்னது பெரும்பாலும் நம் இந்தியக் கரையைத்தான். அவர்கள் மகள் சார்ச்சி அம்மனையைப் பள்ளிவாசலுக்கென நிலைபெறச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகர மதரஸாக்களில் ஆஃப்ரிகான்ஸ் மொழி அரபி எழுத்தில் எழுதப்பட்டது. உதுமானிய அறிஞர் அபூபக்ர் எஃபெந்தி அவ்வாறு எழுதிய 'பயானுத்தீன்' 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. நாம் தமிழை அரபி எழுத்தில் எழுதி அர்வி என்று பேணியதற்கு ஒப்பானதொன்றை, அடிமைகளின் வழிவந்தோர் உலகின் மறுகோடியில் செய்துகொண்டிருந்தனர். ஒருவரும் ஊர் திரும்பவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று கரையேறியது. ஃபரஜ் என்னும் சொல்லை இதற்குப் பயன்படுத்த நாம் தயங்குகிறோம். ஆனால் இதற்கு இஸ்னாத் இருக்கிறது.

இன்னொரு யோசனையும் சொன்னோம். பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இன்னார் இன்ன நாள் வலை நாட்டுவது என்பதை உரிமையுள்ள குப்பங்களின் குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வர். அம்முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டோரும் உண்டு. அதனால் பூசல்களும் நேர்ந்துள்ளன. நல்ல இடம் விழுவது சீட்டின் வேலை, விழுந்த இடத்தில் வலை கட்டுவது கையின் வேலை. பங்கு என்றும் துன்பம் என்றும் இரு பொருள் தரும் சொல்லைத் தமிழ் இதற்கு வைத்திருக்கிறது. தெரிவு விளையாட்டுகளில் சீட்டுக்கு இடமில்லை, எல்லாமே கைதான். அச்சிறுமியின் கதையில் எந்தக் கப்பல், எந்தத் துறை, எந்த எசமானன் என்பன சீட்டாக விழட்டும். ஒவ்வொரு முறை ஆடும்போதும் வேறாக விழட்டும். விழுந்த இடத்தில் அவள் யாருக்குத் தண்ணீர் கொடுக்கிறாள், எதை மறக்க மறுக்கிறாள், யாருக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பன ஆடுபவனின் தெரிவாகட்டும். 'சேவ்' செய்து பின்வாங்கும் வசதி வேண்டாம்.

மாணவர் திட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தார். இப்போது முடிவுகள் ஏழு. ஒன்றிலும் அவள் ஊர் திரும்புவதில்லை. மூன்றில் யாரோ ஒரு குழந்தை அவளிடம் எழுத்துக் கற்றுக்கொள்கிறது. அக்காட்சியில் பலகையில் தோன்றும் அர்வி எழுத்துகளைச் சரிபார்க்கச் சொல்லி நம்மிடம் தந்திருக்கிறார். 'ங'கரத்துக்குரிய எழுத்தில் புள்ளி ஒன்று குறைந்திருக்கிறது. அடுத்த விடுமுறைக்குள் திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். முதிய படகோட்டி மட்டும் இன்னும் உடன்படவில்லை. தாய் கரையில் எத்தனை நாள் நின்றாள் என்பதை எங்காவது காட்ட வேண்டும் என்கிறார். அதை எந்த முடிவில் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.